எண் நிற்கட்டும்

என் அண்ணனுக்குப் பசிக்காத நேரம் என்று ஒன்று உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம். அண்ணி அதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். "வாயில வச்சிருக்கிறதை முழுங்கறதுக்கு முன்னாடி அடுத்த வேளைக்கு என்னன்னு கேக்கிற மனுஷன்" என்பார்.

அண்ணனுக்கு லாரி எடை மேடையில் வேலை. சாலையோரத்தில் தரையோடு தரையாக நீளமான இரும்புத் தட்டு. பக்கத்திலே கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. லாரி தட்டின் மேல் ஏறி நின்றதும் அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பாக எண் எரியும். காலி வண்டியாக ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை எடை போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதைச் சீட்டில் அடித்து ஓட்டுநர் கையில் கொடுப்பார். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. ஓட்டுநர்கள் அவருக்கு 'டன் அண்ணன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டன் கணக்கில் எடை போடுவதால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அந்த வேலையில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. லாரி ஏறியதும் எண் ஆடும். பதினெட்டாயிரம் என்று காட்டும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். அவசரக்கார ஓட்டுநர் கீழே நின்று, "அண்ணே, சீட்டைக் குடுங்கண்ணே, நேரமாகுது" என்று கத்துவார். அண்ணன் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். அப்புறம் சாவகாசமாகச் சொல்வார்: "எண் நிக்கட்டும்."

ஒரு தடவை பக்கத்துக் கடைக்காரர் பழைய பேப்பர் மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து எடை போடச் சொன்னாராம். அண்ணன் சிரித்துவிட்டு, "இந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாத்தான் எண்ணும். அதுக்குக் கீழே இதுக்குக் கண்ணு தெரியாது. தராசு வச்சிருக்கிற இடமாப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

இரும்புத் தட்டிடம் அவ்வளவு பொறுமையாக இருக்கிறவர், சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் வேறு ஆள். எட்டே நிமிஷம். அண்ணி கரண்டியைக் கீழே வைப்பதற்குள் முதல் தட்டு காலியாகிவிடும். "என்னங்க, மென்னீங்களா, இல்ல அப்படியே இறக்கிட்டீங்களா?" என்று அண்ணி கேட்பார். "சரக்கு இறங்கிடுச்சும்மா, அடுத்த லோடு வரட்டும்" என்பார் இவர்.

நான் அந்த வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். தையல் வேலை செய்கிறேன். எனக்கு நாற்பத்தாறு வயது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, "வாடகை வீட்டுல தனியா உட்கார்ந்து என்ன பண்ணப் போறே, வா" என்று தையல் மெஷினைத் தானே தூக்கி வந்து மாடியில் வைத்தார். அன்று அந்தப் பளுவைத் தூக்கியதற்காக நாலு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டார். அது வேறு கதை.

இரண்டு வருஷத்துக்கு முன் என் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருப்பேன். என் ரத்தம் குழாய் வழியாக ஒரு பெட்டிக்குள் போய், சுத்தமாகித் திரும்பி வரும். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பசி போய்விட்டது. சாப்பாடு வாயில் பட்டால் பழைய காசை நாக்கில் வைத்தது மாதிரி இருக்கும். இரண்டு வாய், மூன்று வாய். அதோடு சரி. மிச்சத்தை அண்ணன் பக்கம் தள்ளிவிடுவேன். "வீணாக்கக் கூடாது" என்று ரொம்பப் பொறுப்பாக அதையும் முடித்துவிடுவார்.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். ஒருத்தருக்குப் பசி அடங்க மாட்டேன் என்கிறது, இன்னொருத்திக்கு வரவே மாட்டேன் என்கிறது. படைத்தவன் இரண்டு பேர் பங்கையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டான் போல என்று நினைத்துக்கொள்வேன்.

தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று அண்ணன் சொன்னது ஒரு சாப்பாட்டு நேரத்தில்தான். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எங்கிட்டே ரெண்டு இருக்கு பாப்பா, ஒண்ணை நீ எடுத்துக்கோ" என்றார், ரொட்டியைச் சொல்வது மாதிரி. அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "இந்த வீட்டுல இவர் தட்டுலேருந்து ஒருத்தருக்கு எடுத்துக் குடுத்து நான் பார்த்ததே இல்ல. வாங்கிக்கோம்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சோதனை எல்லாம் எடுத்தார்கள். ரத்தம் ஒத்துப்போனது. எல்லாமே ஒத்துப்போனது. கடைசியில் டாக்டர் அண்ணனை எடை பார்க்கும் கருவியில் ஏறச் சொன்னார். தொண்ணூற்றெட்டு கிலோ. சர்க்கரையும் வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"எண்பத்தெட்டுக்கு வந்தா ஆபரேஷன் பண்ணலாம். இந்த எடையில உங்களை அறுக்கிறதும் ஆபத்து. அப்புறம் மிச்சம் இருக்கிற ஒரு கிட்னிதான் உங்களைக் காலம் முழுக்கச் சுமக்கணும். மூணு மாசம் தர்றேன்" என்றார் டாக்டர்.

பத்துக் கிலோ. ஊருக்கெல்லாம் எடை போடுகிறவருக்கு எடைதான் குறுக்கே வந்து நின்றது. அன்று சாயங்காலம் ஜெபத்தில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்புதான் வந்தது. ஆண்டவரே, என் உயிரைக் கொண்டுபோய் வைக்க உமக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, என் அண்ணன் வாயில்தானா வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அண்ணன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். காலையில் வெறும் டீ. மத்தியானம் தண்ணீர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நேராகச் சமையலறைக்குள் போனார். இருந்த சாப்பாடு, எங்கள் சாப்பாடு, காலையில் மிஞ்சிய ரொட்டி, உருளைக்கிழங்கு, டப்பாவில் இருந்த பிஸ்கட் எல்லாம் போயின. "ரெண்டு வேளை சாப்பிடலியே, கணக்குச் சரியாப் போச்சு" என்றார். பத்து நாள் இப்படி ஓடியது. அரைக் கிலோ கூடியது.

ஆஸ்பத்திரியில் எங்களை உணவு ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பினார்கள். அண்ணன் அவருக்கு 'சாப்பாட்டு டாக்டரம்மா' என்று பெயர் வைத்தார். ஒல்லியான உருவம், அளந்து பேசுகிற சுபாவம். மேசையில் ஒரு பிஸ்கட்கூட இல்லை என்று அண்ணன் எனக்குக் கண் ஜாடை காட்டினார்.

"பசி எங்கே இருக்குன்னு நினைக்கறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

அண்ணன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். கொஞ்சம் பெருமையோடுதான்.

"பாதி அங்கே, பாதி தலையில. வயிறு காலியானா அங்கேருந்து ரத்தம் வழியா மூளைக்கு ஒரு சேதி போகும், சாப்பாடு வேணும்னு. நீங்க சாப்பிட்டு வயிறு விரிஞ்சு, சாப்பாடு குடலுக்கு இறங்கினதும் வேற சேதி போகும், போதும்னு. ஆனா அந்தப் போதும்ங்கிற சேதி மெதுவாத்தான் போகும். ஏறக்குறைய இருபது நிமிஷம்."

"நான் எட்டு நிமிஷத்துல முடிச்சிடுவேனேம்மா."

"அதான். அந்தச் சேதி வழியில இருக்கும்போதே நீங்க ரெண்டாவது தட்டையும் முடிச்சிடறீங்க."

அண்ணன் விடவில்லை. "எனக்குக் காலையில சரியா பத்தரைக்குப் பசிக்கும். கடிகாரமே பார்க்க வேண்டாம். அது நெஜப் பசிதானே?"

"பத்தரைக்கு வழக்கமா என்ன சாப்பிடுவீங்க?"

"ரெண்டு பன். மேஜை டிராயர்ல கொஞ்சம் கடலை."

"எத்தனை வருஷமா?"

அண்ணன் மேலே பார்த்து எண்ணினார். "இருபத்தாறு."

"உடம்பு நேரத்தைப் பழகிக்கும். பத்தரைக்குப் பன் வரும்னு அது முன்னாடியே தயாரா நிக்குது. மூணு நாலு வாரம் குடுக்காம இருங்க, அதுவும் கேக்கறதைக் குறைச்சிடும்."

அண்ணன் என் பக்கம் திரும்பி, குரல் தழுதழுக்க, "பாவம் பாப்பா, நம்பி நிக்குதாம்" என்றார். அளந்து பேசும் அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

நான் மெதுவாக என் விஷயத்தைக் கேட்டேன். "எனக்கு மட்டும் ஏம்மா பசியே வரலை?"

"போதும்னு சொல்ற அந்தச் சேதிகளைக்கூட ரத்தத்துலேருந்து கழிச்சு வெளியே அனுப்பறதுல கிட்னிக்குப் பங்கு இருக்கு. உங்களுக்கு அது வேலை செய்யலை. அதனால போதும், போதும்னு அந்தச் சேதி ரத்தத்துலயே சுத்திக்கிட்டு இருக்கு. மத்த அழுக்கும் தங்கிடறதால வாயும் கசக்குது."

வரும் வழியில் பஸ்ஸில் அண்ணன் யோசித்துக்கொண்டே வந்தார். "உனக்குப் போதும்னு சொல்றவன் வீட்டை விட்டுப் போக மாட்டேங்கறான். எனக்குப் போதும்னு சொல்றவன் வீட்டுக்கு வந்து சேர மாட்டேங்கறான்" என்றார். பிறகு, "ரெண்டு பேரையும் மாத்தி விட்டா நல்லா இருக்கும்" என்று தானே சிரித்துக்கொண்டார்.

அதன் பிறகு மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டார். தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்று அந்த அம்மா சொல்லியிருந்ததால், கெஞ்சிக் கூத்தாடி, வாரம் ஒரு நாள் வந்த இரவு வேலையை விட்டு முழுக்கப் பகல் வேலைக்கு மாறிக்கொண்டார். பத்தரை மணி வந்தால் ஓட்டுநர்களிடம் காரணமில்லாமல் கோபித்துக்கொண்டார். கடலை டிராயரைப் பூட்டிச் சாவியை அண்ணியிடம் கொடுத்தார். எடை இறங்கத் தொடங்கியது என்றுதான் நினைத்தோம்.

ஆறாவது வாரம் மத்தியானம் போன் வந்தது. "பாப்பா! தொண்ணூறு!"

"என்னது தொண்ணூறு?"

"நான்தான்! தொண்ணூறு கிலோ! இன்னும் ரெண்டே ரெண்டு!"

தையல் மெஷின் மேலே தலையைக் கவிழ்த்து நன்றி சொன்னேன். ஓட்டுநர்கள் அன்று கேக் வாங்கி வந்து எடை மேடையிலேயே வெட்டினார்களாம். மறுநாள் ஒருவர் வீட்டில் விருந்து. அதற்கடுத்த நாள் அண்ணி ஆசையாகச் செய்தார். ஒரு வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அவர் பேன்ட்டைப் பிடிக்கக் கொடுத்தார். இடுப்பில் டேப்பைச் சுற்றினேன். ஒரு விரல் அளவுதான் தளர்ந்திருந்தது.

"அண்ணா, எட்டுக் கிலோ எங்கேருந்து குறைஞ்சது? காதுலேருந்தா?"

"உன் டேப்பு பழசாயிடுச்சு பாப்பா" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரிக் கருவியில் ஏறி நின்றார். தொண்ணூற்றைந்து.

டாக்டர் சீட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்திக் குத்தி அந்தக் கை வீங்கிப்போயிருந்தது. "இந்த நரம்பு ரொம்ப நாள் தாங்காது. இன்னும் எட்டு வாரம் தர்றேன். அதுக்கு மேலே வேற வழிதான் யோசிக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று அண்ணன் சாப்பிடவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கே எடை பார்த்தே அண்ணா?"

"நம்ம மேடையிலதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரே சொன்னார். "பத்துப் பத்தாத்தான் எண்ணும்னு எனக்குத் தெரியாதா? தொண்ணூத்திநாலு இருந்தாலும் தொண்ணூறுன்னுதான் காட்டும். ஊரு பூரா நான்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன். தெரிஞ்சுதான் ஏறினேன் பாப்பா. அந்த எண்ணை ஒரு தடவை பார்க்கணும்போல இருந்துச்சு. பார்த்ததும் நம்பிட்டேன்."

இவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "நல்லவேளை, லாரியோட சேர்ந்து ஏறலியே. இருபது டன்னுன்னு காட்டியிருந்தா உன்னை நாங்க எங்கே வச்சிக்கறது?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். நான் பாதி ரொட்டியைக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி தின்றோம். அவருக்கு அது போதவில்லை, எனக்கு அது அதிகம்.

இரண்டு நாள் கழித்து வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. அண்ணன் முதல் தட்டை முடித்துவிட்டுப் பாத்திரத்தின் பக்கம் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. பிறகு அதே கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துத் தனக்குத் தானே காட்டிக்கொண்டார்.

"எண் நிக்கட்டும்" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். "பசி தலைக்கு ஏறிடுச்சா?"

"இல்லம்மா. இன்னிக்குக் காலையில ஒரு சிமெண்ட் லாரி ஏறுச்சு. எண் ஆடிக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் உறைச்சுது. அந்த டாக்டரம்மா சொன்னாங்களே இருபது நிமிஷம், அது இதுதான். சாப்பாடு ஏறின உடனே உள்ளே எண் ஆடுது. ஆடற எண்ணைப் பார்த்துச் சீட்டு அடிச்சா அது கள்ளச் சீட்டு. இருபத்தாறு வருஷமா ஒரு ஓட்டுநருக்கும் கள்ளச் சீட்டு குடுத்ததில்ல. என் வயித்துக்கு மட்டும் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் தடவை. அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டார்.

முதல் நாள் இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து இரண்டாவது தட்டையும் சாப்பிட்டார். பொய் சொல்லக் கூடாது. இரண்டாம் நாள் அரைத் தட்டு. நாலாம் நாள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஆச்சரியத்தோடு சொன்னார்: "நின்னுடுச்சு. நெஜமாவே நின்னுடுச்சு!" ஐம்பத்து மூன்று வயதில் தன் வயிறு போதும் என்று சொன்னதை முதல் தடவையாகக் கேட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

அப்படியே எல்லாம் சுலபமாகப் போய்விடவில்லை. தொண்ணூறுக்குக் கீழே போனதும் பசி முன்னை விட வெறி பிடித்துக் கேட்டது. கனவில்கூடப் பன் வந்ததாம். சாப்பாட்டு டாக்டரம்மா, "உடம்புல இருக்கிற கொழுப்பும் மூளைக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும், இருப்பு இருக்கு, கவலைப்படாதேன்னு. கொழுப்பு குறைஞ்சா அந்தச் சேதியும் குறையும். பஞ்சம் வந்துடுச்சுன்னு உடம்பு பயந்து, இன்னும் சாப்பிடு இன்னும் சாப்பிடுன்னு கேக்கும். அது உங்க தப்பு இல்ல. உடம்பு உங்களைக் காப்பாத்தப் பார்க்குது" என்றார்.

"கிடங்குக்காரன் சரக்கு குறையுதுன்னு கத்தறான், அவ்வளவுதானே? கத்தட்டும். சரக்கை யாருக்கு அனுப்பறோம்னு அவனுக்குத் தெரியாது" என்றார் அண்ணன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எடை மேடையிலும் விஷயம் பரவிவிட்டது. ஓட்டுநர்கள் சீட்டுக்கு அவசரப்படுவதை விட்டுவிட்டு, "அண்ணே, உங்க எண் எங்கே நிக்குது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் அண்ணியும் எண் நிற்கக் காத்திருந்து காத்திருந்ததில் அவருக்கும் மூன்று கிலோ குறைந்தது. "எனக்கு யாரு குறைக்கச் சொன்னது? உங்கண்ணனுக்குச் சிறுநீரகம், எனக்கு எல்லா ஜாக்கெட்டும் தொளதொளன்னு ஆச்சு" என்று என்னிடம் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். நான் அண்ணன் பேன்ட்டையும் அண்ணி ஜாக்கெட்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் டேப் பழசுதான், ஆனால் இந்தத் தடவை எல்லாருக்கும் அதன் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

எட்டாவது வாரம். ஆஸ்பத்திரிக் கருவியில் ஏறுமுன் அண்ணன் செருப்பைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். கைக்கடிகாரம், கண்ணாடி, சட்டைப் பையில் இருந்த பேனா. மோதிரத்தையும் கழற்றப் போனார். "போதும் ஐயா, இது கோயில் இல்ல" என்றார் நர்ஸ். ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எண்பத்தேழே முக்கால்" என்றார் நர்ஸ்.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "எண் நின்னுடுச்சாம்மா?"

"நின்னுடுச்சு."

"நல்லாப் பாருங்க."

நர்ஸ் மறுபடி பார்த்தார். "அசையாம நிக்குது."

அப்போதுதான் இறங்கினார். கழற்றி வைத்த பெல்ட்டை நான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணி, "இன்னிக்கு மட்டும் ஒரு பன் சாப்பிடலாமா?" என்று டாக்டரைக் கேட்டார்.

ஆபரேஷன் நடந்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தோம், வேலை செய்தவர்கள் வேறு. அவர்கள் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

மூன்றாம் நாள் காலை கண் விழித்தேன். வயிற்றில் ஏதோ ஒன்று கிள்ளியது. விட்டுவிட்டுக் கிள்ளியது. தையல் பிரிந்துவிட்டதோ என்று பயந்துபோய் மணியை அழுத்தினேன். நர்ஸ் ஓடி வந்தார்.

"என்னம்மா, எங்கே வலிக்குது?"

"இங்கே. கீழே இல்ல, மேலே. உள்ளே என்னமோ பிராண்டுது. பயமா இருக்கு."

நர்ஸ் கையை வைத்துப் பார்த்தார். அதே நேரம் என் வயிறு பெரிதாக ஒரு சத்தம் போட்டது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அம்மா, அதுக்குப் பேரு பசி."

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு அதன் முகமே மறந்து போயிருந்தது.

டாக்டரைக் கேட்டு, ரொட்டித் துண்டு இரண்டும் சூப்பும் கொண்டுவந்தார்கள். ரொட்டி ரொட்டி மாதிரியே இருந்தது. காசு மாதிரி இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றியது, ஆனால் வாய் சும்மா இல்லை.

நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணன் நின்றிருந்தார். கிருமி வந்துவிடும் என்று யாரையும் உள்ளே விடுவதில்லை. ஒரு கையால் வயிற்றுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் நெற்றி படும்படி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஒரே குமட்டல், கொடுத்த சாப்பாட்டைத் தொடவே இல்லை என்று நர்ஸ் முந்தின நாளே சொல்லியிருந்தார். பசியில்லாத என் அண்ணனை நான் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

இரண்டு துண்டும் முடிந்தன. நான் நர்ஸைப் பார்த்து இன்னொன்று என்று விரலைக் காட்டினேன்.

கண்ணாடிக்கு வெளியே அண்ணன் உள்ளங்கையை உயர்த்தி விரித்துக் காட்டினார். சத்தம் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்கிறார் என்று கேட்கவா வேண்டும்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது துண்டை எடுத்துக் கடித்தேன்.